இரண்டு வெள்ளி விளக்கு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்காவது புடவையோ பானையோ பாயோ தேவைப்பட்டால், கையில் காசு சேர்ந்ததும் அவர்கள் முதலில் போவது கடைக்கு அல்ல, என் அத்தையிடம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடு ஒரே லயத்து வீட்டில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில் ஒன்றில், இருந்தாள். பால் வெட்டுவதில் அவளைவிடக் கைவேகம் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். சமையலில் அம்மாவே அவளை மிஞ்சிவிடுவாள். ஆனால் சுங்கைப்பட்டாணிக் கடைத்தெருவில் விலை பேசிக் குறைப்பதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்கள் அவளுக்குப் பேருந்துச் செலவு கொடுத்துக் கூட்டிப்போவார்கள். அந்தச் செலவையும் அவள் கடைக்காரரிடமே ஈடுகட்டிவிடுவாள் என்று அம்மா சொல்வாள்.

அத்தை வழக்கமாகப் போவது கடைத்தெருவின் கோடியில் இருந்த ஒரு முஸ்லிம் பாயின் கடைக்கு. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே கப்பலேறி வந்தவர் அவர். அரிசி, பருப்பு முதல் கயிறு, தகர விளக்கு, கண்ணாடி வளையல் வரை எல்லாம் விற்றார். அவர் ஒரு விலை சொல்வார். அத்தை அந்தப் பொருளை, அது ஏதோ கடித்துவிடும் என்பது போலக் கீழே வைப்பாள். பிறகு அவருடைய மனைவியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். அவர் பதில் சொல்லி முடித்ததும் பாதி விலை கேட்பாள். அவர் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். அரை மணி நேரம் கழித்து இருவரும் எங்கோ நடுவில் சந்திப்பார்கள், சண்டை போட்டுக்கொண்டவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அடுத்த மாதம் அத்தை மறுபடி அதே கடைக்குத்தான் போவாள்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். இந்தப் பேரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டே வந்தது. இவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் தேடுகிறார்களே, அந்த உண்மையான விலை பொருளுக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது? ஒருமுறை ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து அடியில் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சட்டியை உடைக்கப் பார்க்கிறாயா என்று அத்தை தலையில் குட்டினாள்.

யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் வந்து ஊரைப் பிடித்த பிறகு இந்தச் சந்தேகத்துக்கு விடை கிடைத்துவிட்டதாக நான் நினைத்தேன். ஒவ்வொரு கடையிலும் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, இன்ன பொருள் இன்ன விலை என்று எழுத வேண்டும் என உத்தரவு வந்தது. அதற்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் குற்றம். இனி அத்தைக்கு வேலையே இல்லை என்று லயத்தில் சிரித்தார்கள். ஆனால் பலகையில் விலை ஏறிய சில வாரங்களில் பொருள் கடையிலிருந்து இறங்கிவிட்டது. அரிசி என்று எழுதியிருக்கும், அரிசி இருக்காது. துணி என்று எழுதியிருக்கும், அடுக்கில் தூசிதான் இருக்கும். நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, மாவுச் சாக்கில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தோம்.

அப்பாவும் அப்போது இல்லை. ரயில் பாதை போடுவதற்கென்று தோட்டத்து ஆண்களைச் சயாமுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். மூன்று மாதத்து வேலை என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்கள். ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் என் தம்பிக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. அவனுக்கு மூன்று வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் மதியம் சரியாக வந்துவிடும். வீட்டிலிருந்த சாக்கு, பாய், அம்மாவின் இன்னொரு புடவை எல்லாவற்றையும் போட்டு மூடினாலும் அவன் பற்கள் அடிக்கும் சத்தம் நிற்காது. பிறகு உடம்பு அடுப்புக் கல் போலக் கொதிக்கும். நாலைந்து முறை வந்து போனதில் அவனுக்குக் கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் உப்பிப்போனது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கொய்னா மாத்திரை கொடுத்தால் நின்றுவிடும் என்றார். ஆஸ்பத்திரியில் கொய்னா இருந்த பெரிய போத்தலையே பட்டாளத்துக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார். வாசலில் நின்று அத்தையிடம் இன்னும் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அத்தை எங்களிடம் மிச்சமிருந்த இரண்டு கோழிகளையும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் விற்றாள். இருபது ஜப்பான் நோட்டுகள், எல்லாம் ஒரு வெள்ளி நோட்டுகள்; டாலரை எங்கள் பக்கம் வெள்ளி என்போம். அவற்றை இறுக்கிச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு சுங்கைப்பட்டாணிக்குக் கிளம்பினாள். என்னையும் கூட்டிக்கொண்டாள். குழந்தையோடு போகும் பெண்ணைப் பாலத்துக் காவலில் அதிகம் சோதிக்க மாட்டார்கள் என்பது பிற்பாடு தெரிந்த காரணம். அன்று என்னைக் கெட்டிக்காரி என்று கூட்டிப்போவதாகத்தான் நினைத்தேன். வழியில் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தபோது நோட்டுகளை எண்ணிப் பார்க்கக் கேட்டேன். கொடுத்தாள். இருமுறை எண்ணினேன். இருபதுதான்.

ஆறு மைல் நடை. பாலத்தில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்க்கு இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுக் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். பாய் கடையில் கூட்டமில்லை. நான் நேராகக் கண்ணாடி ஜாடிகளைப் பார்க்கப் போனேன். முன்பு மிட்டாய் இருந்த ஜாடியில் இப்போது ஆணிகள் கிடந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தையும் பாயும் ஏதோ பேசியிருக்கிறார்கள். நான் திரும்பியபோது பாய் உள்ளறையிலிருந்து ஒரு தகர விளக்கைக் கொண்டுவந்து பலகைமேடையில் வைத்தார். பால் டின்னை வெட்டி ஒட்டிச் செய்த விளக்கு. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. திரிகூட இல்லை.

“நாப்பது வெள்ளி, தங்கச்சி,” என்றார் பாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலைப் பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. விளக்கு இரண்டு வெள்ளி என்று அதில் போட்டிருந்தது. அதுவுமல்லாமல், ஊரிலேயே மண்ணெண்ணெய் கிடையாது. இந்த விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தை இப்போது அதை மேடையில் தள்ளிவிட்டு வெளியே நடக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அத்தையோ விளக்கின் மேல் கைவைத்தபடி, பதினைந்துதான் முடியும் என்றாள். அவர் முப்பத்தைந்து என்றார். அவள் பதினாறு என்றாள். மனைவியின் முழங்கால் பற்றி அவள் விசாரிக்கவேயில்லை. இரண்டு பேர் குரலும் தாழ்ந்திருந்தது. அவர் முப்பதுக்கு வந்தபோது அத்தையின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

அப்போது கடைக்குள் ஒருவர் வந்தார். சட்டைக் கையில் ஜப்பான்காரர்கள் தந்த பட்டை கட்டியிருந்தார், இடுக்கில் ஒரு நோட்டுப் புத்தகம். கடைகளில் பலகை விலைக்கு விற்கிறார்களா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவது அவர் வேலை. அவர் எழுதிக்கொண்டுபோன பிறகு ஒரு கடைக்காரரை லாரியில் ஏற்றிப்போனதைக் கடைத்தெருவே பார்த்திருந்தது. அவரும் தமிழர்தான், பேசுவது ஒவ்வொன்றும் புரியும். பாய் சலாம் சொல்லி முக்காலியை நகர்த்திப் போட்டார். அவர் உட்கார்ந்துகொண்டார்.

பாய் அத்தையின் பக்கம் திரும்பி, சற்று உரக்க, “மூணு வெள்ளிக்குக் குறைஞ்சு கட்டாது, தங்கச்சி,” என்றார்.

முப்பது எப்படி மூன்றாயிற்று என்று நான் வாயைப் பிளந்தேன். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் விலை இவ்வளவு இறங்கி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அத்தைக்கு அது போதவில்லை. ஒன்றேமுக்கால் என்றாள். பாய் ரெண்டரை என்றார். முக்காலியில் இருந்தவர் எழுந்து வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“விளக்கு ரெண்டு வெள்ளின்னு போட்டிருக்கே, பாய். நீங்க என்ன ரெண்டரை கேக்குறீங்க?”

பாய் தலையைச் சொறிந்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்று முனகினார். இரண்டு என்றால் இரண்டுதான், எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அத்தையும் சரி என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருட்டிய நோட்டுகளை அப்படியே எடுத்துப் பாயின் உள்ளங்கையில் வைத்தாள். பாய் பார்க்காமலே விரல்களை மூடிக்கொண்டார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அத்தை, அது இருபது வெள்ளி,” என்றேன். “ரெண்டுதானே குடுக்கணும்?”

கைப்பட்டைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு பாயின் மூடிய கையைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் காணாத ஒரு நிறம். நான் ஏதோ நல்லது செய்துவிட்டேன் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

பாய் கையைத் திறந்து சுருளைப் பார்த்து, சத்தமாகச் சிரித்தார்.

“இந்தப் புள்ளைக்கு இருக்குற புத்தி உனக்கு இல்லையே, தங்கச்சி. முடிச்சோட தூக்கிக் குடுக்குற. நான் எடுத்துப் பொட்டியில போட்டிருந்தா என்ன செஞ்சிருப்ப?”

சுருளைப் பிரித்து இரண்டே இரண்டு நோட்டுகளை எடுத்துக்கொண்டார். மீதி பதினெட்டையும் ஒவ்வொன்றாக மேடையில் எண்ணி வைத்து அத்தையின் பக்கம் தள்ளினார். கைப்பட்டைக்காரர் புத்தகத்தில் ஏதோ எழுதினார். போகும்போது என் தலையில் தட்டி, நல்ல பிள்ளை, பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் அத்தை பாராட்டுவாள் என்று பார்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது. பாலத்தில் குனிந்து வணங்கினோம். சிப்பாய் கூடையிலிருந்து விளக்கை எடுத்தான். ஆட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை. திரி போடும் ஓட்டையில் மூக்கை வைத்து மோந்தான். எண்ணெய் வாடையும் இல்லை. நசுங்கிய பக்கத்தை என்னிடம் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். இப்படி ஒரு விளக்கை வாங்கியதற்கு எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அவன் அதைக் கூடைக்குள் போட்டான். ரப்பர் மரங்கள் தொடங்கும் இடம் வந்த பிறகுதான் அத்தை என் கையை விட்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, வெகுதூரம் ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கத்திமுனையால் விளக்கின் அடித்தகட்டை நெம்பினாள். உள்ளே பஞ்சு திணித்திருந்தது. பஞ்சுக்குள் ஒரு காகிதம். காகிதத்துக்குள் ஆறு வெள்ளை மாத்திரைகள். அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாய் மறந்துபோய் விளக்கில் மருந்தை வைத்துவிட்டார், நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். அத்தை என்னை இழுத்து மடியில் உட்கார வைத்தாள். சொல்லாமல் விட்டால் நான் லயம் முழுக்கப் பேசித்திரிவேன் என்று அவளுக்குத் தெரியும். கொய்னா விற்பதும் வாங்குவதும் தெரிந்தால் பாயையும் கொண்டுபோய்விடுவார்கள், அவளையும் கொண்டுபோய்விடுவார்கள் என்றாள். அவர்கள் பேசிய விலை விளக்குக்கு அல்ல, மாத்திரைக்கு. அந்த ஆள் வந்ததும் முப்பது மூன்றானது, ஒரு பூஜ்யத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பேசினார்கள். இரண்டு என்று முடிந்தால் இருபது என்று அர்த்தம். இருபதையும் பாய் வாங்கிக்கொள்ளும் நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். இதையெல்லாம் அவள் திட்டாமல்தான் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தம்பியின் தலையைத் தொட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் குழைத்துத் தம்பிக்குக் கொடுத்தார்கள். மிச்சமிருந்த காகிதத்தை நான் நக்கிப் பார்த்தேன். மறுநாள் காலைவரை நாக்கில் கசப்பு போகவில்லை. மூன்றாவது நாள் மதியம் வந்தது. அம்மா சாக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நேரம் போயிற்று, குளிர் வரவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்து, கோழி எங்கே என்று கேட்டான்.

அடுத்த வாரம் அத்தை பதினெட்டு நோட்டுகளையும் முடிந்துகொண்டு மறுபடியும் பாய் கடைக்குப் புறப்பட்டாள். வாயே திறக்கக்கூடாது என்ற நிபந்தனையில் என்னையும் கூட்டிப்போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. தம்பிக்குத் தேவலை என்று அத்தை சொன்னதும் பாய் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அத்தை நோட்டுகளை எடுத்து மேடையில் வைத்தாள். பாய் அவற்றைத் தொடவில்லை.

“விளக்குக்கு ரெண்டு வெள்ளி, தங்கச்சி. அத நீ அன்னைக்கே குடுத்துட்ட.”

“பேசுனது இருபது, பாய்.”

“பேசுனது ரெண்டு. அந்த மனுசனே சாட்சி.”

அத்தை சரி, பதினைந்தாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் வேண்டுமானால் இன்னொரு வெள்ளி கொடு என்றார். அவருக்கு அந்த மருந்து சும்மா கிடைத்திருக்காது, எத்தனை பேருக்குக் கொடுத்து வாங்கினாரோ என்றாள். அது தன் பாடு என்றார் அவர். அவள் பதின்மூன்று என்றாள், அவர் மூன்று என்றார். அவள் பன்னிரண்டு, அவர் நாலு. நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். வாங்க வந்தவள் விலையை உயர்த்தப் போராடுகிறாள், விற்றவர் குறைக்கப் போராடுகிறார். குரல் என்னவோ பழைய நாட்களில் கேட்ட அதே குரல்தான். அத்தை, கோழியே போன பிறகு அதை விற்ற காசு மட்டும் எனக்கு எதற்கு என்றாள். பாய் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் அவள் பத்துக்குக் கீழே இறங்க மறுத்தாள். அவர் ஐந்துக்கு மேலே ஏற மறுத்தார். அதற்கு மேல் இருவருமே நகரவில்லை.

பாய் எட்டி, வெளியே ஆள் வருகிறதா என்று பார்த்தார். சயாமுக்குப் போனவர்களில் மூன்று பேர் அந்த மாதம் வேறொரு தோட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தார்கள் என்றும், அங்கே ஆட்கள் கும்பல் கும்பலாகச் சாகிறார்கள் என்று அவர்கள் சொன்னது கடைத்தெருவரை வந்திருந்தது என்றும் பின்னாளில் கேள்விப்பட்டேன். அவர் அதை எங்களிடம் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்:

“சரி, பத்தாவே இருக்கட்டும். ஆனா உங்கிட்ட வாங்க மாட்டேன். உன் தம்பி சயாம்லேருந்து வரட்டும். அவன் கையால வாங்கிக்கிறேன்.”

அத்தை மேடையிலிருந்த நோட்டுகளை வாரி எடுத்தாள். பத்தை மட்டும் தனியாக மடித்து, முந்தானையின் மறுமுனையில் வேறொரு முடிச்சு போட்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.

எனக்குப் பாயை நினைத்தால் பாவமாக இருந்தது. இவ்வளவு நேரம் பேசி, கடைசியில் ஒரு வெள்ளிகூட வாங்காமல் ஏமாந்துவிட்டாரே என்று தோன்றியது. வழியெல்லாம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். தோட்டத்துச் செம்மண் பாதை திரும்பும் இடத்தில், வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனை கடைக்குள் மட்டும்தான் என்று முடிவுசெய்து அத்தையிடம் கேட்டேன்.

“பத்து வெள்ளி குடுக்க அப்பா எதுக்கு அத்தை? நானே ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துருவேனே.”

அத்தை முந்தானையில் அந்தத் தனி முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு நடையை வேகப்படுத்தினாள். அவளை எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.